இறங்குவதற்காக ஏறுகிறவர்கள்

முக்திநாத் க்ஷேத்திரத்தில், கோயிலின் பின்புறம் அரைவட்டமாக வளைந்து நிற்கும் சுவரில் பதித்த 108 காளைமுகத் தூம்புகளிலிருந்து கொட்டும் பனிநீரில் வரிசையாகத் தலையை நனைத்துக்கொண்டே ஓடி, கடைசித் தூம்பைத் தாண்டும்போது பல்லோடு பல் மோத, துவட்டிய துண்டையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு, கீழேயுள்ள டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த வாலிபனை நான் முதன்முதலில் பார்த்தேன். கடைக்கார அம்மாள் நீட்டிய கண்ணாடித் தம்ளரை அவனால் விரல்களால் பற்ற முடியவில்லை. இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரல் கொக்கிபோல் வளைந்தபடியே விறைத்து நின்றது. உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து, அவற்றின் நடுவே தம்ளரை இடுக்கிக்கொண்டு, சிறு குழந்தை பால் குடிப்பதுபோல அவன் டீயைக் குடித்தான். பக்கத்தில் சேறும் தூசியும் அப்பிய சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

முக்திநாத் நம்மவர்களுக்கு அந்நியமான ஊரல்ல. திருமங்கையாழ்வார் ஒரு பதிகம் முழுவதும் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று வைஷ்ணவர்கள் கொண்டாடுவதால், 108 திவ்ய தேசங்களையும் சேவித்துவிட வேண்டும் என்று சங்கல்பித்துக்கொண்டவர்கள் காட்மாண்டுவும் பொக்காராவும் கடந்து, ஜோம்சோம் வழியாக ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி இங்கே வந்து சேர்கிறார்கள்; நாங்களும் அப்படித்தான், சமையற்காரர் ஒருவரையும் புளிக்காய்ச்சல் டப்பாக்களையும் உடன் அழைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வந்தவர்கள். அந்த வாலிபனோ மேலிருந்து வந்தவன். கோயிலுக்குக் கிழக்கே, ஆகாயத்தின் பாதியை மறைத்துக்கொண்டு எழும் மலைச்சுவரில் யானையின் பிடரிபோல் ஒரு பள்ளம் தெரிகிறதே, அதுதான் தோரோங் கணவாய். அதன் உயரம் 5,416 மீட்டர். முக்திநாத்தின் உயரம் சுமார் 3,750 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதற்குள் 1,650 மீட்டர் இறக்கம். சராசரியாக ஆறடி முன்னே சென்றால் ஓரடி கீழே இறங்க வேண்டும் என்று கணக்கு வந்தாலும், மலையில் சராசரி என்பதற்குப் பொருள் கிடையாது. சில இடங்களில் பாதை சமதரையாகச் சற்று ஓய்ந்து, அந்த ஓய்வுக்குரிய கடனை அடுத்த வளைவிலே வட்டியோடு வாங்கிக்கொண்டுவிடுகிறது.

அந்தக் கணவாயை அவன் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறிக் கடந்து வந்தான் என்ற விஷயம் எங்கள் கோஷ்டியில் வந்திருந்த கும்பகோணத்து மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டாப்பா, இத்தனை உசரம் அதையும் முதுகிலே சுமந்துண்டு ஏறணுமா? கீழே நன்னா ரோடு இருக்கே!" என்று கேட்டுவிட்டார். சமையற்காரர் அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். பொக்காராக்காரனான அந்த வாலிபன், வெளிநாட்டிலிருந்து வருகிற சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போவதையே தொழிலாகக் கொண்டவன். இந்தத் தடவை மட்டும் துணை யாருமின்றித் தன் சொந்த ஆசைக்காக வந்திருந்தான். அவன் சிரித்துக்கொண்டே, "ஏறுவது டிக்கெட் வாங்குவதுபோல, அம்மா, சினிமா இறங்கும்போதுதான்" என்றான்.

அந்த டிக்கெட்டின் விலை சாமானியமானதல்ல. அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் பாதை, கடல்மட்டத்துக்கு 760 மீட்டரே உயர்ந்த பேசிஸஹர் என்ற ஊரில் தொடங்கி, மர்ஸ்யாங்டி நதியின் கரையோடு நெல்வயல்களையும் நீர்வீழ்ச்சிகளையும் பைன் காடுகளையும் கடந்து, மரங்களே அற்ற மனாங் பிரதேசத்தை அடைகிறது. 1977-ல்தான் இந்த வழி வெளிநாட்டு நடைப்பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1950-ல், டில்மன் என்ற ஆங்கிலேய மலையேறி இங்கே வந்து அன்னபூர்ணா நான்காம் சிகரத்தை எட்ட முயன்று திரும்பியிருக்கிறார். கென்யாவில் காபித் தோட்டம் வைத்திருந்த அதே மனிதர்தான் 1933-ல் ஆப்பிரிக்காக் கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியே சைக்கிளில் கடந்தவர் என்பது எனக்குப் பிற்பாடு ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்து, சைக்கிளும் மனாங்கும் அவருடைய ஓராயுளிலேயே சந்தித்தும் ஒன்றையொன்று பாராமல் போயினவே என்று எண்ணிக்கொண்டேன். இப்போது மனாங் வரைக்கும் ஜீப் ரோடு போட்டுவிட்டார்கள். அதற்கப்பால் ரோடு இல்லை. யாக் கார்க்கா, தோரோங் பேதி, 4,880 மீட்டரிலுள்ள ஹைகேம்ப் என்று தங்குமிடங்கள் மட்டுமே உண்டு. அங்கிருந்து கணவாய் வரை சைக்கிள் ஒரு வாகனமன்று, வெறும் சுமை. முதுகுப்பைக்கு மேலே அதைக் குறுக்காகக் கிடத்தி, ஒரு கையால் முன்சக்கரத்துக் கவையையும் மறு கையால் பெடல் தண்டையும் பிடித்துக்கொண்டு, விடியுமுன் நாலு மணிக்கு நெற்றிவிளக்கின் வெளிச்சத்தில், பதினைந்து கிலோ பாரத்தோடு, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறவேண்டும். பொழுது ஏறினால் கணவாயில் காற்று பிடித்துக்கொள்ளும். ஆகையால்தான் அத்தனை அவசரம்.

அந்த உயரத்தில் பிராணவாயு குறைவு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஒரு வகையில் சரி, ஒரு வகையில் தவறு. சென்னைக் கடற்கரையிலும் சரி, தோரோங் கணவாயிலும் சரி, காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்றுதான். மேலே குறைந்திருப்பது காற்றின் அழுத்தம். அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற பிராணவாயுவும் பாதியாகிவிடுகிறது. சரீரம் இதை உடனே உணர்ந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. அப்படி வாங்குவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிட, சிறுநீரகங்கள் சில நாட்கள் பாடுபட்டு அதைச் சரிக்கட்டுகின்றன. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். சரீரத்தின் இந்த நிதானமான கணக்குக்கு மனிதன் கட்டுப்பட்டே ஆகவேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், ஓர் இரவு தூங்கிய இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மிகாத வித்தியாசம் இருக்கவேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இருந்த இடத்திலேயே தங்கவேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. மனாங்கில் ஹிமாலய மீட்புச் சங்கத்தார் நடத்தும் சிறு வைத்திய நிலையத்தில், யாத்திரைப் பருவத்தில் பிற்பகல்தோறும் இதையெல்லாம் வருகிறவர்களுக்கு உட்காரவைத்துப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பிப்பதை அலட்சியம் செய்தால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துப் பிராணாபாயம் நேரும். மூளைக்கு நோய் எட்டிவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: ஒரு காலின் குதியை மறு காலின் பெருவிரலோடு தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள், தள்ளாடினால் உடனே கீழே இறக்கிவிட வேண்டும், இராத்திரியானாலும் சரி.

இந்த இடத்தில்தான் மலைச் சைக்கிளின் விசித்திரம் இருக்கிறது. நடந்து வருகிறவனுக்குக் கணவாயை அடைந்ததும் பெரும்பாடு தீர்ந்தது. கல்குவியலில் கட்டிய மந்திரக்கொடிகளின் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோக நோகக் கீழே இறங்கிவிடலாம். சைக்கிள்காரனுக்கோ அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. மூளைக்குப் பிராணவாயு மிகக் குறைவாகக் கிடைக்கிற இடத்தில், விரல் மரத்துப்போகும் குளிரில், ஏறிக் களைத்த காலோடு, கண நேரத்தில் கல்லையும் பள்ளத்தையும் பார்த்து முடிவெடுக்கவேண்டிய காரியத்தை அவன் தொடங்குகிறான். யோசித்துப் பார்த்தால், குடித்தவனைக் கம்பியின்மேல் நடக்கச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் கணவாயில் ஏறியவுடன் புறப்படாமல், முதல் அரை மைல் தூரம் சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டே போய், தலை தெளிந்தபின் ஏறி உட்காருகிறார்கள் என்று அந்த வாலிபன் சொன்னான். உருட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் புதியவன் என்றும் சொன்னான்.

இந்த விளையாட்டு பிறந்த கதையிலும் இறக்கமே பிரதானம். அமெரிக்காவில், சான்பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மாரின் மாவட்டத்தில், காட்டுத்தீ அணைக்கப் போட்டிருந்த மண்பாதை ஒன்றில், சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்குகிற சரிவில், 1930-களில் பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிய தடித்த டயர் வைத்த பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வந்து சில வாலிபர்கள் 1976 அக்டோபரில் பந்தயம் வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களுக்குக் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே உராய்ந்து நிற்கும். ஒருமுறை அந்தச் சரிவில் இறங்கினால் குடத்திலுள்ள கிரீஸ் முழுவதும் காய்ந்து, உருகி, புகையாகப் போய்விடும். மறுமுறை ஓட்டுமுன் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்கவேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபாக்' என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 வினாடியில் அதை இறங்கினார். அவருடைய கூட்டாளி ஜோ ப்ரீஸ், பழைய சட்டங்கள் முறிந்து முறிந்து சலித்துப்போய், மலைக்கென்றே 1977-ல் புதிய சட்டம் ஒன்றை ஒட்டிச் செய்தார். இருபது வருஷத்துக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிளுக்கும் பதக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வேகத்துக்காகப் பிறந்த விளையாட்டு என்று எல்லோரும் நினைக்கும் ஒன்றின் முதல் மைதானத்துக்கு, பிரேக் தீய்ந்துபோன சங்கடமே பெயர் கொடுத்தது என்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

உஷ்ணத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஓட்டுகிறவன், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையைக் கணவாயிலிருந்து முக்திநாத் வரை 1,650 மீட்டர் கீழே கொண்டுவருவதில் விடுபடுகிற சக்தி ஏறக்குறைய பதினாலரை லட்சம் ஜூல். அறையில் வைத்திருக்கிற நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். எங்கள் சமையற்காரர் விடியற்காலையில் காபிக்கு வைக்கிற பாத்திரம் அத்தனையே கொள்ளும். அதற்கு அவர் அந்தக் குளிரில் ஸ்டவ்வோடு அரைமணி நேரம் மல்லாடுவதை நான் பார்த்திருக்கிறேன். காற்றும் மண்ணும் இந்தச் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், பெரும்பங்கை வாங்குவது சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டியிருக்கும், ஒரு சாண் அகலமும் இரண்டு மில்லிமீட்டர் கனமும் உள்ள, துளைத்துத் துளைத்துச் சல்லடையாக்கிய எஃகுத் தகடுகள்தாம். ஹாண்டில்பாரிலுள்ள பிடியை ஒரு விரலால் இழுத்தால், குழாயிலுள்ள எண்ணெய் அந்த விசையைப் பெருக்கிக் கொண்டுபோய் இரண்டு கட்டைகளால் தகட்டைக் கவ்வுகிறது. பிடித்தபடியே இறங்கினால் தகடு காய்ந்து நீலம் பாரிக்கும். எண்ணெய் கொதித்து அதில் ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டாலோ, பிடி தொளதொளவென்று ஹாண்டில்பார் வரை வந்துவிடுமே தவிரச் சக்கரம் நிற்காது. ஆகவே பிரேக்கைப் பிடிப்பதில் மட்டுமன்று, விடுவதிலும் வித்தை இருக்கிறது. வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு முற்றிலும் விட்டுத் தகட்டைக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி பிடிக்கவேண்டும். பயந்தவன்தான் பிடித்த பிடியை விடமாட்டான். மலை அவனைத்தான் முதலில் உருட்டும்.

அந்த வாலிபன் இதையெல்லாம் வாயால் சொன்னதைவிட, கடைவாசலில் சைக்கிளில் ஏறி நின்று காட்டியதில்தான் எனக்கு அதிகம் விளங்கிற்று. ஹாண்டில்பாருக்கு அடியிலிருந்த ஒரு குமிழை அழுத்திக்கொண்டு சீட்டின்மேல் உடம்பின் பாரத்தைப் போட்டதும் அது சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. உட்காருவதற்காக அல்ல, இடுப்புக்கு இடம் விடுவதற்காக. பெடல்கள் இரண்டும் தரைக்குச் சமமாக இருக்க, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைப் பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளி, ஒரு பூனை பாயப் பதுங்குவதுபோல அவன் நின்றான். முன்பிரேக்குக்கு நிறுத்தும் சக்தி அதிகம், ஏனென்றால் இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்னே சாய்கிறது. அதே காரணத்தால் அதை ஓர் இம்மி அதிகமாகப் பிடித்தாலும் ஆளைத் தலைகுப்புறத் தூக்கி எறிந்துவிடும். பார்வை சக்கரத்தின் முன்னால் இருக்கக்கூடாது, பத்து இருபதடிக்கு அப்பால் இருக்கவேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். பெரிய கல்லைப் பார்த்து, 'ஐயோ, இதில் மோதக்கூடாதே' என்று அதையே உற்று நோக்குகிறவன் தவறாமல் அதிலேயே போய் மோதுவான் என்று அவன் சொன்னபோது, மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

பாதையில் வேறு அபாயங்களும் உண்டு. சுமை தூக்கிய கோவேறு கழுதைகள் வரிசையாக எதிரே வந்தால், மலைச்சுவரின் பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டுமே தவிரப் பள்ளத்தின் பக்கம் நிற்கக்கூடாது. மூட்டை இடித்தால் கழுதைக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வானிலைதான். வங்காள விரிகுடாவில் தோன்றி 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் வடக்கே சென்று, இரண்டு நாள் கழித்து இந்த மலைகளின்மேல் பனியாகக் கொட்டி, நடைப்பயணத்துக்கு மிகவும் உகந்ததென்று பெயர்பெற்ற பருவத்திலேயே நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டுபோயிற்று. தோரோங் கணவாயில் அன்று வழி தெரியாமல் பனியில் புதைந்தவர்களும் அவர்களில் உண்டு. நம் கடற்கரையில் மழையாக அறிந்த புயல், அங்கே மலையுச்சியில் இன்னொரு உருவத்தில் போய் நிற்கிறது.

இந்த வழியாகச் சைக்கிள் பந்தயமும் நடந்திருக்கிறது. 'யாக் அட்டாக்' என்று அதற்குப் பெயர். பந்தயத்தில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. ஆனால் பூட்டிய சக்கரத்தோடு சறுக்கிக்கொண்டே இறங்குகிறவர்கள் பாதையில் வாய்க்கால் வெட்டிவிடுகிறார்கள், அதில் பனி உருகிய நீர் ஓடிப் பாதையையே அரித்துவிடுகிறது என்று மலைவாசிகள் சொல்லும் குறை நியாயமானதுதான். சறுக்காமல் நிறுத்தத் தெரிந்தவனே இறங்கத் தெரிந்தவன் என்பது பாதைக்கும் நல்லது, ஓட்டுகிறவனுக்கும் நல்லது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே அவன் புறப்பட்டுவிட்டான். அவன் இறங்கிப் போகவேண்டிய காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், ஒருபுறம் 8,167 மீட்டர் தவளகிரியும் மறுபுறம் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும் நிற்க, இடையிலுள்ள அந்தப் பிரம்மாண்டமான பிளவின் வழியே, முற்பகல் ஏற ஏறத் தெற்கிலிருந்து காற்று கிளம்பி ஊழிபோல் வீசும். அதற்கு எதிரே சைக்கிள் மிதிப்பதும் சுவரைத் தள்ளுவதும் ஒன்றுதான். ஜீப் ரோட்டை விட்டு, 'பொன்' என்ற திபெத்திய மதத்தவர் வாழும் லுப்ரா கிராமத்தின் வழியாகப் போகும் செங்குத்துப் பாதையில் அவன் இறங்கப்போவதாகச் சொல்லியிருந்தான். நாங்கள் காபி குடித்து, புளியோதரை கட்டி, ஜீப்பில் ஏறி, ஜோம்சோமுக்கு அருகே ஆற்றங்கரையில் சாளக்கிராமம் தேடலாம் என்று இறங்கியபோது, அவன் எங்களுக்கு முன்பே அங்கே வந்து, டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். சரளைச் சரிவில் மண்ணைப் பற்றுவதற்காகக் காற்றைக் குறைத்து வைத்திருந்தானாம். இனிமேல் ரோடு என்பதால் டயர் கெட்டியாக வேண்டும். 1,200 மீட்டரிலுள்ள தாதோபானியின் வெந்நீர் ஊற்றில் மாலையில் குளிப்பதாக உத்தேசம்.

மாமி முழங்கால் நனைய ஆற்றோரம் குனிந்து குனிந்து தேடி, கறுத்துத் திரண்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். ஒரு காலத்தில் இந்த இடம் டெதிஸ் என்ற கடலின் அடித்தளம்; அதில் வாழ்ந்த சுருளோட்டுப் பிராணிகள் சேற்றில் புதைந்து கல்லாகி, இமயமலை எழும்பியபோது கடல்தரையோடு கூடவே மேலே வந்து, இப்போது நதி அவற்றை உடைத்து உருட்டிக்கொண்டு கீழே வருகிறது. மாமியின் கல்லில் அந்தச் சுருள், சக்கரம்போல் ஆரக்காலோடு தெளிவாக இருந்தது. அவர் அதை அந்தப் பையனிடம் நீட்டி, "பாரு, இதுக்கும் சக்கரம் இருக்கு" என்றார். சமையற்காரர் மொழிபெயர்க்குமுன்னே அவன் புரிந்துகொண்டு பம்பைக் கீழே வைத்தான். கல்லை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதைக் கைக்குள் முழுவதும் மூடிப் பிடித்துப் பார்த்தான். பிறகு துடைத்து மாமியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டின் வாரை இழுத்துக் கட்டினான். தென்திசையில் தூசி கிளம்பத் தொடங்கியிருந்தது.